விசுக்கோத்தும் வாழைப்பழமும்: ஒரு குசினி வரலாறு

போன சனிக்கிழமை காலமை குசினிக்குள் நின்று கறுத்துப்போன இரண்டு வாழைப்பழங்களை முள்ளுக்கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, குக்கீக்குத் தமிழில என்ன?"

"விசுக்கோத்து."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் அந்த நிமிடம் உருவாக்கிய சொல் என்று நினைத்துவிட்டாள். பிறகு அதைத் தன் சிநேகிதிகளுக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவள் சிரித்த சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பேச்சில் பிஸ்கற் என்போம். ஆனால் என்னுடைய அம்மம்மா கடைசிவரைக்கும் விசுக்கோத்து என்றுதான் சொன்னா. அது போர்த்துக்கேயரின் 'பிஸ்கொய்த்து'. அவர்கள் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், நல்லூர்க் கோயிலை இடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். போகும்போது சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்கள். குசினி அவர்களுடையது. தாச்சி, கோப்பை, மேசை, பாண், பாண் சுடுகிற போறணை எல்லாம் அவர்களுடையவை. ஒரு யாழ்ப்பாணத்து வீட்டின் பின்பக்கத்தில் நின்று கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் பெயர் சொன்னால் பாதி லிஸ்பனில் போய் நிற்கும்.

இது எனக்கு விளங்கியது யாழ்ப்பாணத்தில் இல்லை, மொன்றியலில். 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்பட்டது 1986 ஆகஸ்டில். அதற்கு அடுத்த வருட மார்கழியில் நான் இங்கே வந்திறங்கினேன். அப்போது குடிவந்தவர்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்க கோஃபி என்ற அரசாங்க நிலையங்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டோடு அவை மூடப்பட்டுவிட்டன. ஒருநாள் ஆசிரியை ஒரு சமையலறைப் படத்தைக் காட்டி 'குய்சீன்' என்றா. பின்வாங்கில் இருந்த எங்கள் பெடியன் ஒருவன் "குசினி!" என்று கத்தினான். அவ 'மிக நன்று' என்று தலையாட்டினா. அடுத்தது பாண். அதற்குப் பிரெஞ்சில் 'பாங்'. போறணைக்கு 'ஃபூர்'. எல்லாம் இலத்தீன் வீட்டுப் பிள்ளைகள். போர்த்துக்கேயர் வழியாக எங்களிடம் வந்தவை, பிரெஞ்சுக்காரர் வழியாகக் கியூபெக்குக்கும் வந்து எங்களுக்கு முன்னமே காத்துக்கொண்டிருந்தன. அந்தக் குளிரில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த நாட்களில் வந்தவர்களுக்குத் தெரியும்.

பிஸ்கற் என்றால் 'இரண்டு தரம் சுட்டது' என்று பொருள். ஈரம் போகும்வரை மறுபடி சுட்டால் மாதக்கணக்கில் பழுதாகாது. கப்பற்காரரும் படையினரும் கட்டிக்கொண்டு போன சாப்பாடு அது.

குக்கீ வேறு வழியால் வந்தது. அது ஒல்லாந்தரின் 'கூக்யே', சின்னக் கேக் என்று அர்த்தம். இன்றைய நியூயோர்க் 1664 வரைக்கும் ஒல்லாந்தரின் நியூ அம்ஸ்ரர்டாம். அங்கிருந்துதான் அந்தச் சொல் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதே காலத்தில் அதே ஒல்லாந்தர் இலங்கைக் கரையையும் ஆண்டார்கள். சிங்களவர் சித்திரை வருடப் பிறப்புக்கு அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கரைத்து அச்சில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிற கொக்கிஸ் இருக்கிறதல்லவா, அதன் பெயரும் 'கூக்யே'யிலிருந்து வந்ததென்றே சொல்லப்படுகிறது. ஆகவே குக்கீயும் கொக்கிஸும் சகோதரிகள். ஒன்று நியூயோர்க்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போனது, மற்றது கொழும்பில் நின்றுவிட்டது. மகளுக்கு இதைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

*

மொன்றியலுக்கும் விசுக்கோத்துக்கும் உள்ள உறவு பழையது. நகரத்தின் தென்மேற்கே லஷீன் கால்வாய் 1825இல் திறக்கப்பட்டது. அதன் கரையில் மாவாலைகள் வந்தன. ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜோன் ரெட்பாத் 1854இல் அதே கரையில் சீனி ஆலை தொடங்கினார். மாவும் சீனியும் ஒரே கால்வாயால் வருகிற ஊரில் விசுக்கோத்து வராமல் என்ன செய்யும்? கனடா என்ற கூட்டாட்சி பிறந்த அதே 1867இல் ஷார்ள் தியடோர் வியோ என்பவர் இங்கே தன் விசுக்கோத்துத் தொழிலைத் தொடங்கினார். மாஷ்மெலோவின் மேல் சொக்கிளேற் பூசிய 'விப்பெற்' அந்தக் கொம்பனியின் பிள்ளை. 1927இலிருந்து அந்தப் பெயர். கியூபெக்கில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எங்களுக்கு மாரி பிஸ்கற் மாதிரி.

மாரி பிஸ்கற் என்றதும் இன்னொன்று. காய்ச்சல் வந்தால் அம்மா தேத்தண்ணியில் தோய்த்துத் தருவாவே, அந்த மாரி ஒரு ரஷ்ய இளவரசி. அவவுக்கும் விக்ரோறியா மகாராணியின் மகனுக்கும் 1874இல் நடந்த கலியாணத்துக்காக ஒரு லண்டன் கொம்பனி செய்த விசுக்கோத்து அது. மாரியம்மனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. சின்ன வயதில் நான் இருக்கிறதென்றே நம்பியிருந்தேன்.

சீனியைப் பற்றி ஒரு வார்த்தை. கரும்புத் தோட்டங்களில் அடிமை முறையை பிரிட்டிஷ்காரர் 1834இலும் பிரெஞ்சுக்காரர் 1848இலும் ஒழித்தார்கள். அதன்பிறகு அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது அவர்களின் கண் எங்கள் பக்கம் திரும்பியது. மொறீசியஸ், நேட்டால், பீஜி, குவாதலூப், மார்ற்றினிக் என்று தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். மொன்றியலில் குவாதலூப் ஆட்கள் பலர் இருக்கிறார்கள். நல்ல பிரெஞ்சு பேசுகிற ஒருவரின் குடும்பப்பெயர் 'ராமசாமி' என்று அடையாள அட்டையில் பார்த்தால் திடுக்கிடாதீர்கள். அவரும் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைதான். எங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்திய கப்பல், அவ்வளவுதான் வித்தியாசம்.

*

இனி நீர்வேலியானுக்கு வருகிறேன்.

நானும் அவனும் ஒரு விசுக்கோத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். அவனுடைய ஊர் நீர்வேலி, தகப்பன் வாழைத்தோட்டக்காரர். யாழ்ப்பாணத்தில் வாழைக்குலை என்றால் நீர்வேலி என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டத்துச் செம்மண் கையில் ஒட்டிய பெடியன் இங்கே வெள்ளைத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வார்ப்பட்டியில் வருகிற குக்கீயை எண்ணினான்.

உடைந்த விசுக்கோத்துகளைப் பைகளில் கட்டி வேலையாட்களுக்கு மலிவு விலையில் விற்பார்கள். ஒரு அறையில் ஆறு பேர் இருந்து, வட்டிக்கு வாங்கிய காசைக் கட்டி, ஊருக்கும் அனுப்பிய காலம். இரவு பன்னிரண்டு மணி இடைவேளையில் எங்கள் சாப்பாடு உடைந்த விசுக்கோத்தும் மெஷின் கோப்பியும்தான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில்.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியது. அரசாங்கம் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எதுவும் போகவில்லை. சீனி யானை விலை. நீர்வேலியானின் தாய் எழுதிய கடிதம் ஒன்று கையால் கையாக மாறி மூன்று மாதம் கழித்து வந்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிறோம், நீ நல்லாய்ச் சாப்பிடு மோனை என்று எழுதியிருந்தா. அன்றிரவு அவன் விசுக்கோத்துப் பையைத் திறக்கவில்லை. அடுத்த நாள் திறந்தான். வேறென்ன செய்வது, பசி.

2004இல் அவனுக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். 2016இல் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். விசுக்கோத்தினால் மட்டும் வந்தது என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. எங்கள் ஆட்களுக்கு, தென்னாசியர்களுக்கு, இந்த வருத்தம் மற்றவர்களைவிட இளவயதில், குறைந்த உடல் எடையிலேயே வருகிறது என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விசயம். அதோடு இரவு வேலை, நித்திரையின்மை, மலைபோல சோறு, மனக்கவலை. ஆனாலும் ஒரு கணக்கைப் பாருங்கள். ஊரில் சீனி இல்லாமல் இருந்த தாய் எண்பது தாண்டியும் நடந்து திரிந்தா. சீனிக்கு நடுவில் வாழ்ந்த மகன் ஐம்பத்தொரு வயதில் தடி பிடித்தான்.

அவனுக்காகத்தான் இந்த வாழைப்பழ ஓட்ஸ் விசுக்கோத்தைச் சுடப் பழகினேன். சீனி இல்லை, மா இல்லை, பட்டர் இல்லை.

*

முதலில் ஓட்ஸ். இது ஆதியில் கோதுமை, வாற்கோதுமை வயல்களுக்குள் களையாக முளைத்த புல். குளிரும் ஈரமும் கூடிய வடக்கே கோதுமை சோர்ந்துபோன இடத்தில் களை செழித்தது, மனிதர் அதையே பயிராக்கிவிட்டார்கள். சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் இங்கிலாந்தில் குதிரைக்குக் கொடுக்கிற, ஸ்கொட்லாந்தில் சனங்கள் சாப்பிடுகிற தானியம் என்று ஓட்ஸுக்கு நக்கலாக விளக்கம் எழுதினார். அதனால்தான் இங்கிலாந்தில் நல்ல குதிரையும் ஸ்கொட்லாந்தில் நல்ல மனிதரும் இருக்கிறார்கள் என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் திருப்பிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அந்த ஸ்கொட்லாந்துக்காரர்கள்தான் மொன்றியலின் தோல் வியாபாரத்தையும் ஆலைகளையும் கட்டியவர்கள். மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பெயரும் பணமும் கொடுத்த ஜேம்ஸ் மக்கில் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவர்களோடு ஓட்ஸ் கஞ்சியும் வந்தது.

ஓட்ஸில் கொழுப்பு மற்றத் தானியங்களைவிடக் கூட. உமி நீக்கி அப்படியே வைத்தால் காறல் பிடித்துவிடும். அதனால் ஆவியில் அவித்து, பிறகு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்குவார்கள். எங்கள் அவல் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். குவேக்கர் என்ற பெயர் அமெரிக்காவில் 1877இல் வணிகக் குறியாகப் பதிவானது. அவர்களுடைய கனடிய ஆலை ஒன்ராறியோவின் பீற்றபரோவில் 1902இலிருந்து இருக்கிறது. 1916 மார்கழியில் அந்த ஆலை வெடித்து எரிந்து இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். இன்று உலகத்தில் அதிகமாக ஓட்ஸ் ஏற்றுமதி செய்கிற நாடு கனடா. சஸ்கச்சுவானிலும் மனிற்றோபாவிலும்தான் பெரும்பகுதி விளைகிறது.

அதில் இருக்கிற பீற்றா குளூக்கன் என்ற நார்ப்பொருள் வயிற்றுக்குள் பசைபோலாகி, கொலஸ்ரரோலைக் குறைக்கிறது, சீனி இரத்தத்தில் ஏறுகிற வேகத்தையும் தணிக்கிறது. கொலஸ்ரரோலைக் குறைக்கும் என்று பெட்டியில் எழுத 2010இல் கனடிய சுகாதாரத் திணைக்களம் அனுமதி கொடுத்தது.

இதைப் படித்தபோது எனக்குக் குரக்கன்தான் ஞாபகம் வந்தது. குரக்கன் பிட்டும் ரொட்டியும் எங்கள் வீடுகளில் இல்லாதவர் சாப்பாடு. விருந்தாளி வந்தால் குரக்கன்மாப் பானையை மறைத்து வைப்பார்கள். இப்போது சீனி வருத்தம் வந்தபிறகு அதே குரக்கன்மாவை ஜோன் ரலோன் வீதித் தமிழ்க்கடையில் வரிசையில் நின்று வாங்குகிறோம். குதிரைச் சாப்பாடு கனவான் சாப்பாடாகியது, ஏழைச் சாப்பாடு வருத்தக்காரன் சாப்பாடாகியது. பழித்த தானியத்திடம்தான் கடைசியில் போய் நிற்கிறோம்.

*

வாழைப்பழம் இன்னும் சுவாரசியம். நியூகினியில் ஏறத்தாழ 7000 வருடங்களுக்கு முன்பே மனிதர் வாழை நட்டார்கள். எங்கள் ஊரில் கதலி, கப்பல், இதரை, மொந்தன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை. மொந்தன் கறிக்கு, கதலி படையலுக்கு. இங்கே சுப்பமார்க்கெற்றில் வாழைப்பழம் என்றால் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் கவென்டிஷ்.

மொன்றியலில் கவென்டிஷ் என்று ஒரு பெரிய வீதியே இருக்கிறது. பழத்தின் பெயர் இங்கிலாந்தின் 6ஆவது டெவன்ஷயர் பிரபு வில்லியம் கவென்டிஷுடையது. மொறீசியஸிலிருந்து வந்த கன்று ஒன்றை அவருடைய தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்ரன் 1830களில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்துக் காய்க்க வைத்தார். அதே குடும்பத்தின் 9ஆவது பிரபு 1916இலிருந்து 1921வரை கனடாவின் ஆளுநர் நாயகம்.

ஆனால் முன்பு உலகச் சந்தையை ஆண்டது கவென்டிஷ் இல்லை, 'குரோ மிஷெல்' என்ற இனம். பிரெஞ்சில் 'தடிச்ச மிஷெல்'. மத்திய அமெரிக்காவில் காட்டை வெட்டி அதை மட்டுமே நட்டார்கள். 1899இல் உருவான யுனைற்றெட் ஃப்ரூட் கொம்பனி அரசாங்கங்களையே ஆட்டிவைத்தது. 1928 மார்கழியில் கொலம்பியாவின் சியெனகாவில் வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை இராணுவம் சுட்டுக் கொன்றது. எத்தனை பேர் என்ற கணக்கில் இன்றுவரை உடன்பாடு இல்லை. எண்ணப்படாத பிணங்கள் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1954இல் குவாத்தமாலாவில் அந்தக் கொம்பனியின் தரிசு நிலத்தை எடுத்து விவசாயிகளுக்குக் கொடுத்த அர்பென்ஸின் ஆட்சியை அமெரிக்க உளவுத்துறை கவிழ்த்தது. கனடாவில் விளையாத பழம் கனடாவில் விளைகிற அப்பிளைவிட மலிவாக இருப்பதற்கு இப்படியும் காரணங்கள் உண்டு.

கடைசியில் தடிச்ச மிஷெலைச் சாய்த்தது மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணம், பனாமா நோய். எல்லாம் ஒரே இனம், ஒரே கிழங்கின் குட்டிகள். ஒன்றைத் தாக்கினால் எல்லாவற்றையும் தாக்கும். 1960களில் அதைக் கைவிட்டு, அந்த நோயைத் தாங்கிய கவென்டிஷுக்கு மாறினார்கள். இப்போது கவென்டிஷையும் கொல்லுகிற புது வகைப் பூஞ்சணம் ஆசியாவிலிருந்து பரவி 2019இல் கொலம்பியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

வாழையடி வாழையாக வாழுங்கோ என்று கலியாண வீட்டில் வாழ்த்துகிறோம். நல்ல வாழ்த்துத்தான். ஆனால் எல்லாரும் ஒரே அச்சாக இருப்பதுதான் பலம் என்று மேடைகளில் முழங்குகிறவர்களைக் கேட்கும்போது எனக்குத் தடிச்ச மிஷெல் ஞாபகம் வரும். நீர்வேலித் தோட்டத்தில் நாலு இனம் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. ஒன்று நோயில் படுத்தால் மற்றது நிற்கும் என்று அந்த மனிசருக்குத் தெரிந்திருந்தது.

*

செய்முறை இதுதான். தோல் நன்றாகக் கறுத்த பெரிய வாழைப்பழம் இரண்டு. பழுக்கப் பழுக்கத்தான் காயிலிருக்கிற மாச்சத்து சீனியாக மாறும். இங்கே வருகிற குலைகளைப் பச்சையாக வெட்டி, 13, 14 பாகை செல்சியஸ் குளிரில் கப்பலேற்றி, பிறகு எதிலீன் வாயு விட்டுப் பழுக்க வைக்கிறார்கள். ஊரில் கிடங்கு வெட்டிக் குலையை இறக்கிப் புகை போடுவோமே, அந்தப் புகையிலும் எதிலீன்தான் வேலை செய்தது.

பழத்தை மசித்து ஒரு கப் ஓட்ஸ் போடுங்கள். அரைத் தேக்கரண்டி கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. விருப்பமென்றால் கொஞ்சம் முந்திரிகை வத்தல். கறுவா எங்கள் தீவினுடையதாக இருந்தால் நல்லது; போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதற்காகத்தானே இலங்கையில் அடிபட்டார்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு, கரண்டியால் பன்னிரண்டாகத் தட்டில் வைத்துத் தட்டையாக்கி, 350 பாகை பாரன்ஹைற்றில் 15 நிமிடம் சுடுங்கள். மொறுமொறுப்பாக வராது, மெதுவாகத்தான் இருக்கும். குளிர்பெட்டியில் மூன்று நாலு நாள் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சீனி போடவில்லை என்றால் சீனி இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் மட்டும் ஏறத்தாழ 14 கிராம் சீனி இருக்கிறது. ஓட்ஸையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒரு விசுக்கோத்துக்கு 9 கிராம் அளவில் மாச்சத்து வரும். இரண்டு சாப்பிடலாம். பன்னிரண்டையும் சாப்பிட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு கோட் டே நேஜில் இருக்கிற நீர்வேலியான் வீட்டுக்குப் போனேன். அவன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வார்ப்பட்டியில் நின்ற பழக்கம் போகவில்லை.

"உதுக்குள்ள சீனி போட்டனியோ?"

"இல்லையடா."

"பழம்?"

"கடைப் பழம்தான்."

கடித்தான். கன நேரம் மென்றான்.

"விசுக்கோத்து எண்டு சொல்லாத. குரக்கன் ரொட்டிக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி எண்டு சொல்லு," என்றான். பிறகு, "கதலி போட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்," என்றான்.

மகள் என்னைப் பார்த்து, "கதலி எண்டா என்னப்பா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்க முதல் அவனே தொடங்கிவிட்டான். தகப்பனின் தோட்டம், கிணறு, துலா, குலை வெட்டுகிற நாள் என்று ஒரு மணித்தியாலம். அவன் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்து நான் கண்டு கனகாலம். மகள் ஒருதரமும் சிரிக்கவில்லை.

வெளிக்கிடும்போது தட்டில் ஏழு மிச்சமிருந்தது. அவனுடைய மனிசி பெட்டியில் போட்டு மூடி, அலுமாரியின் மேல் தட்டில், அவனுக்கு எட்டாத உயரத்தில் வைத்தா.